அத்தானுக்கு சார்ஜ்

கோவில்பட்டியிலிருந்து அக்கா போன் பண்ணினாள். "அத்தானுக்கு சார்ஜ் குடுத்துட்டாங்கடா" என்றாள். அவள் குரல் கம்மியிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்த நேரம். "ரொம்ப சந்தோஷம்க்கா! எந்த ஆபீஸுக்கு? பக்கத்துலதானே? அத்தான்கிட்ட குடு, நானே ஒரு வார்த்தை சொல்லிடறேன்" என்றேன். மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

அத்தான் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். மேலே இருப்பவர் ஓய்வு பெற்றோ நீண்ட விடுப்பிலோ போனால், அந்த நாற்காலியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வதற்கு அங்கே 'சார்ஜ் குடுக்கிறது' என்று பேர். ஒழுங்கு நடவடிக்கை எடுத்துக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையைக் கையில் திணிப்பதற்கும் 'சார்ஜ் குடுக்கிறது' என்றுதான் பேர். முதலாவது வந்தால் மாலை, இரண்டாவது வந்தால் மாத்திரை. அத்தானுக்கு வந்தது இரண்டாவது. அதிலும் 17(பி).

அரசு ஊழியர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு அந்த எண்ணை விளக்க வேண்டாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(ஏ) என்றால் சிறிய தண்டனைக்கான வழி, 17(பி) என்றால் பெரிய தண்டனைக்கானது. வேலையே போகிற அளவுக்குப் பெரியது. அதற்குத்தான் நான் வாழ்த்துச் சொன்னேன். மூன்று மாதம் அத்தான் என்னோடு பேசவில்லை. அண்ணன் மகள் வளைகாப்பில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து, ஐந்து வகைச் சாதத்தையும் என்னைப் பார்க்காமலே சாப்பிட்டு முடித்தார்.

அவர் செய்த குற்றம் என்ன தெரியுமா? முன்பொருமுறை அவருக்கு நல்ல சார்ஜ் வந்தபோது, போகிறவரிடமிருந்து சார்ஜ் லிஸ்ட் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மேசை 4, நாற்காலி 7 (ஒன்று கால் உடைந்தது), இரும்பு பீரோ 3, பதிவேடுகள் இன்னின்ன என்று நீளமான பட்டியல். பீரோ இரண்டுதான் இருந்தது. மூன்றாவது பீரோ எந்தக் காலத்தில் எந்த வாசல் வழியாக வெளியேறியது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அத்தான் எண்ணிப் பார்க்கவில்லை. முற்பகலில் பொறுப்பேற்றதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். தணிக்கைக்கு வந்தவர்கள் எண்ணினார்கள். ஆக, சார்ஜ் எடுத்ததற்காக சார்ஜ். இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழ?

அன்றிலிருந்து அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் எனக்கு ஒரு திடுக்கிடல். அது விழாத நேரம்தான் எது? விடிந்ததும் "சார்ஜ் போட்டியா?" வாசலில் "ஆட்டோவுக்கு எவ்வளவு சார்ஜ்?" அலுவலகத்தில் "யார் இங்க இன்சார்ஜ்?" மாலையில் பேங்க்கிலிருந்து "சார்ஜ் பிடித்தம்" என்று குறுஞ்செய்தி. ராத்திரி டிவியில் சார்ஜ் ஷீட். படுக்கும்போது மறுபடி சார்ஜ் போடணும். ஒரே ஆளை வீட்டுக்குச் சமையல்காரனாகவும் காவல்காரனாகவும் கணக்குப்பிள்ளையாகவும் வைத்துக்கொண்டால் அவன் எதை உருப்படியாகச் செய்வான்?

போன வருடம் அம்மாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தோம். ஐந்தாம் நாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கட்டைப் பார்த்துக்கொண்டே, "டிஸ்சார்ஜ் இருக்காம்மா?" என்று கேட்டார். அம்மாவின் முகம் மலர்ந்தது. "நீங்க சொன்னா இப்பவே கிளம்பிடுவேன் டாக்டர். பையைக்கூட எடுத்து வச்சிட்டேன்." டாக்டர் புண்ணிலிருந்து வடிகிற நீரைக் கேட்கிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "பாட்டி, டிஸ்சார்ஜ் இருக்கிற வரைக்கும் டிஸ்சார்ஜ் கிடையாது." இந்த வாக்கியத்தை அம்மா இன்றைக்கு வரைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விடுகதை மாதிரி போட்டுக்கொண்டிருக்கிறாள். 'சீழ் வடியுதா?' என்று கேட்டிருந்தால் ஒரு குழப்பமும் இல்லை. சீழ் என்று சொல்ல டாக்டருக்குக் கூச்சம். சீழோடு பத்து நாள் படுத்துக் கிடந்தவளுக்கு என்ன கூச்சம்?

கடைசியில் ஒரு வழியாக வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். காலை பத்து மணிக்குச் சொன்னார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி தயாராகச் சாயங்காலம் நாலு. இடையில் என் போனில் நாலு சதவீதம். வார்டு முழுக்க பிளக் பாயின்ட் தேடி அலைந்தேன். இருந்த ஒன்றில் யாரோ வெந்நீர்க் கெட்டிலைச் செருகியிருந்தார்கள். கீழே டீக்கடையில் கேட்டால், "சார்ஜ் போடலாம் சார், பத்து ரூபா சார்ஜ்" என்றார் கடைக்காரர். போட்டேன்.

பில் வந்தது. பெட் சார்ஜ், நர்சிங் சார்ஜ், டூட்டி டாக்டர் சார்ஜ், டிரெஸ்ஸிங் சார்ஜ், மருத்துவக் கழிவு சார்ஜ். அதாவது அம்மா காலிலிருந்து கழற்றிய கட்டுத்துணியைக் குப்பையில் போடுவதற்கு. இதெல்லாம் என்ன என்று கவுன்ட்டரில் கேட்டேன். "இன்சார்ஜைப் பாருங்க சார்." இன்சார்ஜ் சிஸ்டரைத் தேடிப் பிடித்தால், "நான் வார்டு இன்சார்ஜ் மட்டும்தான் சார், பில்லிங் இன்சார்ஜ் லஞ்ச் போயிருக்காங்க." ஒரு கட்டிடத்தில் ஒரே நாளில் எத்தனை சார்ஜ் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே மாடிப்படியில் இறங்கி வந்தேன். பத்து விரல் போதவில்லை.

இந்த இன்சார்ஜ் சமாசாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ்காரன் ஊரில் ஒருவர் இன்சார்ஜ் என்றால் அவர் வைத்ததுதான் சட்டம். நம்மூரில் அந்த வார்த்தை தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டது. "நான் இன்சார்ஜ்தான் சார்" என்கிற அந்த 'தான்'-இல் எல்லாம் இருக்கிறது. நான் ஒன்றும் செய்ய முடியாது, ரெகுலர் ஆபீசர் வரட்டும், அடுத்த வாரம் வாருங்கள். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போகிறவரிடம், "இந்த ஊருக்கு அவர் இன்சார்ஜ்தான், வெள்ளிக்கிழமைதான் வருவார்" என்பார்கள். தமிழில் மொழிபெயர்த்தாலாவது சரியாகுமா என்றால் அதுவும் இல்லை. செய்தித்தாளில் ஒரு பதவிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று போட்டிருந்தால், அந்த ஆளுக்கு அது நிரந்தரம் இல்லை என்று அர்த்தம். பொறுப்பு என்று எழுதினால் பொறுப்பு குறைகிற விநோதம் வேறு எந்த மொழியில் உண்டோ!

அம்மா வீட்டுக்கு வந்த பிறகு டிவிதான் துணை. ஒருநாள் செய்தியில், முன்னாள் பெரும்புள்ளி ஒருவரின் "டிஸ்சார்ஜ் மனு தள்ளுபடி" என்று ஓடியது. வழக்கிலிருந்து தன்னை விடுவிக்கச் சொல்லி அவர் போட்ட மனு. அம்மா உச்சுக் கொட்டினாள். "பாவம், இன்னுமா ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க? அவருக்கும் டிஸ்சார்ஜ் இருக்கோ என்னவோ." நான் விளக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டேன். கைதானவுடன் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்கிறவர்கள் நடமாடும் நாட்டில் அவள் கேட்டது அப்படியொன்றும் தப்பில்லை.

கோர்ட்டு சார்ஜிலும் உள்குத்து உண்டு. போலீஸ் கொண்டுபோய்க் கொடுப்பது சார்ஜ் ஷீட், தமிழில் குற்றப்பத்திரிகை. சட்டப் புத்தகத்தில் அதற்குப் பெயர் வெறும் போலீஸ் அறிக்கைதான். அதைப் படித்துப் பார்த்து நீதிபதி இன்ன குற்றத்துக்காக உன்னை விசாரிக்கிறேன் என்று வரையறுத்துச் சொல்வதுதான் நிஜமான சார்ஜ், குற்றச்சாட்டுப் பதிவு. இரண்டுக்கும் நடுவே வருடங்கள் ஓடலாம். ஆனால் நமக்கு இரண்டும் ஒன்றுதான். சார்ஜ் ஷீட் என்று டிவியில் வந்த அன்றைக்கே தெருமுனையில் தீர்ப்பு சொல்லி முடித்துவிடுகிறோம். அத்தான் விஷயத்திலும் அதுதான் நடந்தது. "அவருக்கு சார்ஜ் ஆயிடுச்சாமே" என்று கோவில்பட்டியில் பாதி ஊர் பேசியது. பீரோவைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோனவர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அக்கா வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணெல்லாம் அவள் பீரோ மேலேயே இருந்ததாம். அது எங்கப்பா சீதனமாகக் கொடுத்தது.

காசு சார்ஜைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அதைப் பேசினால் ரத்தக் கொதிப்பு ஏறும். கணக்கில் காசு குறைந்தால் அதற்கு ஒரு சார்ஜ் பிடிக்கிற பேங்க்குகள் உண்டு. காசில்லாதவனிடம், காசில்லாததற்காகக் காசு. அப்படிப் பிடித்த செய்தியை அனுப்புவதற்கு எஸ்.எம்.எஸ். சார்ஜ் தனி. ஓட்டல்காரர்கள் பில்லில் தாங்களாகவே சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதுவே சரி என்றது. சென்னையில் ஆட்டோவுக்கு 2013-இல் அரசு வைத்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்த ரேட்டை இன்றைக்கு எந்த ஆட்டோக்காரரிடமாவது சொல்லிப் பாருங்கள், உங்களை வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவரைப் போலப் பார்ப்பார். பிரீபெய்டு ரீசார்ஜ் என்றால் மாதக் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 28 நாள் கணக்கு. வருடத்துக்குப் பதிமூன்று மாதம் என்று காலண்டரையே திருத்திவிட்டார்கள், நாமும் கேட்காமல் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, தமிழில் இதற்கெல்லாம் வார்த்தை இல்லையா? அதுதான் என் ஆதங்கமே. கொட்டிக் கிடக்கிறது. பஸ்ஸுக்குக் கட்டணம். வண்டிக்கு வாடகை. ஆளுக்குக் கூலி. ஆபீசுக்குப் பொறுப்பு. கோர்ட்டுக்குக் குற்றச்சாட்டு. நிலத்தடி நீருக்குச் செறிவூட்டல். பள்ளிக்கூட இயற்பியலில் மின்னூட்டம். இலங்கையில் படித்தவர்கள் அதையே ஏற்றம் என்பார்கள், எனக்கு அது இன்னும் பிடித்திருக்கிறது. இத்தனையில் எதைச் சொன்னாலும் கேட்கிறவனுக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும். பையிலிருந்து பணத்தை எடுப்பதா, வக்கீலைத் தேடுவதா, பிளக்கைத் தேடுவதா என்று குழம்ப வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தமிழ் விட்டுக்கொடுக்கவில்லை. லத்தி சார்ஜ் என்று என்னதான் டிவியில் சொன்னாலும், செய்தித்தாளிலும் தெருப்பேச்சிலும் அது தடியடிதான். குதிரைப்படை எதிரியின் மேல் பாய்ந்து போவதற்கு வெள்ளைக்காரன் வைத்த பேர் சார்ஜ். கையில் ஒன்றுமில்லாமல் கொடி பிடித்து நின்றவர்கள் மேல் கம்போடு பாய்வதற்கும் அந்தப் படைச்சொல்லையே வைத்துக்கொண்டான். 1928 அக்டோபர் 30-இல் லாகூரில் லாலா லஜபதி ராயின் மேல் விழுந்தது, 1932 ஜனவரி 10-இல் திருப்பூர் ஊர்வலத்தில் குமரன் தலையில் விழுந்தது. குமரன் மறுநாளே போய்விட்டார், லஜபதி ராய் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. நம் ஆட்கள் அதற்குத் தடியடி என்று பேர் வைத்தார்கள். யார் கையில் எது, அது என்ன செய்தது, இரண்டும் நாலெழுத்தில் முடிந்தது. முதுகில் விழுந்ததற்கு மட்டும் உடனே தமிழ் வந்துவிட்டது பாருங்கள். இப்போது அதற்கும் 'லேசான' என்று ஒரு முன்னொட்டு சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். லேசான தடியடியில் அடிபட்டவரை யாராவது பேட்டி எடுத்தால் தேவலை.

இந்தச் சனியன் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கோபத்தில் அகராதிகளைப் புரட்டினேன். லத்தீனில் 'கர்ருஸ்' என்றால் பாரவண்டி. அதில் சரக்கை ஏற்றுவதற்கு ஒரு வினைச்சொல். அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போய் சார்ஜ் ஆனது. கார், கார்கோ எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள்தான். கேலிச்சித்திரத்துக்குச் சொல்கிற 'கேரிகேச்சர்' கூட, மிகையாகப் பாரம் ஏற்றிய படம் என்று இதிலிருந்து போனதுதான். ஆக எல்லாமே சுமை. ஒருவன் தலையில் வேலையை ஏற்றினால் பொறுப்பு, பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு, செலவை ஏற்றினால் கட்டணம். துப்பாக்கியில் மருந்தை ஏற்றுவதும் சார்ஜ்தான். 1740-களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கண்ணாடி ஜாடியில் மின்சாரத்தைச் சேமித்து விளையாடியபோது இந்தத் துப்பாக்கிச் சொல்லைத்தான் அதற்கும் எடுத்துக்கொண்டார். பேட்டரி என்பதும் பீரங்கி வரிசையிலிருந்து அவர் எடுத்ததே. நம் சட்டைப்பையில் இருப்பது ஒரு சின்ன பீரங்கி.

இதைப் படித்ததும் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் தமிழும் இதே வண்டியில்தான் ஏறியிருக்கிறது. பழியைச் *சுமத்துகிறோம்*. பொறுப்பை *ஏற்கிறோம்*. விலையை *ஏற்றுகிறார்கள்*. போனில் சார்ஜ் *ஏறவில்லை* என்று சொல்லும்போதுகூட அந்த 'ஏறவில்லை' நம்முடையது. வண்டியும் நம்முடையது, மாடும் நம்முடையது, நடுவில் ஒரு காலி மூட்டைக்கு மட்டும் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கவனித்துப் பாருங்கள், அந்த மூட்டைக்குள் எப்போது என்ன இருக்கிறது என்று சொல்வது பின்னால் வருகிற தமிழ் வினைச்சொல்தான். சார்ஜ் 'போட்டால்' போன். சார்ஜ் 'எடுத்தால்' அதிகாரி. சார்ஜ் 'பிடித்தால்' பேங்க். சார்ஜ் 'பண்ணினால்' ஓட்டலோ ஆஸ்பத்திரியோ. சார்ஜ் 'இறங்கினால்' போன். பஸ் சார்ஜ் இறங்குவது அபூர்வம். ஆனால் 'ஏறினால்' இரண்டும் உண்டு. 2018 ஜனவரியில் பஸ் கட்டணத்தை உயர்த்திய வாரம், மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் "சார்ஜ் ஏறிருச்சுய்யா" என்று புலம்ப, பக்கத்தில் காதில் ஒயரோடு நின்ற கல்லூரிப் பையன் "எனக்கு ஏறவே இல்ல தாத்தா, ஒயர்ல லூஸ் காண்டாக்ட்" என்றான். இருவரும் அதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. 'கொடுத்தால்' என்பதுதான் படுகுழி. அதில்தான் நான் விழுந்தேன்.

வீட்டில் ஒருமுறை இந்த வார்த்தைக்குத் தடை போட்டுப் பார்த்தேன். சொல்கிறவர்கள் உண்டியலில் ஐந்து ரூபாய் போட வேண்டும். முதல் நாள் மகள், "அப்பா, போனுக்கு மின்னூட்டம் போட்டுட்டேன்" என்று நாடகப் பாணியில் அறிவித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி அந்த வார்த்தையைத் தொடவே இல்லை. "அது போட்டாச்சு", "அது எவ்வளவு கேட்டான்", "அது இறங்கிடுச்சு" என்று எல்லாவற்றையும் 'அது'விலேயே ஓட்டினாள். மூன்றாம் நாள் இரவு உண்டியலைத் திறந்தால் நாற்பது ரூபாய். நாற்பதும் என்னுடையது. "தண்டனைக்குப் பேர் என்னப்பா, சார்ஜா?" என்றாள் மகள். அவளிடம் ஐந்து ரூபாய் கேட்க எனக்குத் தெம்பில்லை.

போன மாதம் அக்கா மறுபடி போன் பண்ணினாள். அத்தானின் 17(பி) விசாரணை முடிகிற கட்டத்தில் இருக்கிறது, பீரோ வேறொரு அலுவலகத்தில் வேறொரு பட்டியலில் இருப்பதாகக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அரசல்புரசலாகக் கேள்விப்பட்டிருந்தேன். இன்னொரு பக்கம், வேறொரு தணிக்கை நடப்பதாகவும் பேச்சு இருந்தது. கூடவே அவருடைய கண்காணிப்பாளர் அந்த மாதம்தான் ஓய்வு பெறுகிறார்.

"டேய், அத்தானுக்கு சார்ஜ் குடுத்துட்டாங்கடா" என்றாள்.

குரலைக் கூர்ந்து கேட்டேன். சந்தோஷமா, துக்கமா, ஒன்றும் பிடிபடவில்லை. பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. சட்னி அரைத்துக்கொண்டே பேசுகிறாள் என்றால் நல்ல செய்தியாக இருக்கலாம். துக்கத்திலும் சட்னி அரைக்கத்தானே வேண்டும்?

"என்னடா, சத்தத்தையே காணோம்?"

"கேக்கலக்கா... போன்ல சார்ஜ் இல்ல. அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன்.